கேட்பதற்காகப் படித்த மருத்துவர்

கிரீந்திரசேகர் போஸ் (1887–1953)

பத்தாம் வகுப்பு, அ பிரிவு மாணவி, பொதட்டூர்பேட்டை

காலில் முள் தைத்தால் உடனே ஊசியைத் தேடுகிறோம். காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆனால் மனத்தில் தைத்த முள்ளை எடுக்க யாரிடம் செல்கிறோம்? பெரும்பாலும் எவரிடமும் செல்வதில்லை. அதைப் பிறர் அறியாமல் மறைக்கவே பாடுபடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒருநாள் எங்கள் ஆசிரியை, பிற்காலத்தில் என்ன ஆகப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். ஒருத்தி மருத்துவர் என்றாள். ஒருத்தி வங்கி அதிகாரி என்றாள். ஒருத்தி கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். நான் மனநல ஆலோசகர் ஆவேன் என்றேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பைத்தியங்களோடு பேசுவதற்கும் ஒரு படிப்பா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. மாலையில் வீட்டில் என் பாட்டி கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிறர் துயரைக் கேட்க நல்ல மனசு இருந்தால் போதாதா, அதற்காகவா ஐந்து வருஷம் காலேஜில் பணம் கட்ட வேண்டும் என்று பாட்டி கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடிப் படித்தபோது ஒரு மாமனிதரின் வாழ்க்கை கிடைத்தது. போஸ் என்றவுடன் நமக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸும், விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸும் நினைவுக்கு வருவார்கள். இவர் மூன்றாவது போஸ். இந்தியாவில் மன நோயாளியின் சொல்லை முறையாகக் கேட்கவும், அப்படிக் கேட்கப் பிறரைப் பழக்கவும் வழிவகுத்த முன்னோடி இவரே.

பிறப்பும் இளமையும்

கிரீந்திரசேகர் போஸ் 1887-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் பீகாரைச் சேர்ந்த தர்பங்கா நகரில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர் போஸ் தர்பங்கா மகாராஜாவின் திவானாகப் பணியாற்றியவர். ஒன்பது குழந்தைகளில் கிரீந்திரசேகரே கடைக்குட்டி. இவருடைய அண்ணன்மார்களில் ஒருவர் ராஜசேகர் போஸ். பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளிகளைச் சிரிக்க வைத்தவரும், வங்காள மொழிக்கு ஓர் அகராதி தொகுத்தவரும் அவரே. அந்த அண்ணனைப் பின்னால் மீண்டும் சந்திப்போம்.

கிரீந்திரசேகருக்கு இளமையிலேயே மாயாஜால வித்தைகளில் பெரும் ஆர்வம் உண்டு. சொல்லாலும் பார்வையாலும் ஒருவரைத் தூக்கம் போன்ற மயக்க நிலைக்குக் கொண்டு செல்லும் மனவசிய வித்தையையும் பழகிக்கொண்டார். வெறும் வேடிக்கையாகத் தொடங்கிய இப்பழக்கமே பிற்காலத்தில் அவரை மனத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றது.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து 1905-இல் பட்டம் பெற்றார். பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1910-இல் மருத்துவரானார். அக்கால வழக்கப்படி பதினேழாம் வயதிலேயே அவருக்கு இந்துமதி அம்மையாருடன் திருமணம் நடந்திருந்தது. படிப்பு முடிந்ததும் பார்சிபாகான் சந்தில் 14-ஆம் எண் கொண்ட தம் வீட்டில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தார். நோயாளிகள் பெருகினர்.

மருந்துக்கு அடங்காத நோய்

வந்த நோயாளிகளில் சிலருடைய நோய், குழாய் வைத்துப் பார்த்தாலும் நாடி பிடித்துப் பார்த்தாலும் அகப்படவில்லை. காரணமின்றி அஞ்சுவோர், திரும்பத் திரும்பக் கை கழுவுவோர், உடலில் குறையேதும் இன்றியே கைகால் அசைக்க இயலாதோர் ஆகியோர் உலகெங்கும் மருத்துவர்களைத் திகைக்க வைத்த காலம் அது. நம் நாட்டில் இத்தகையோரைப் பேய் பிடித்தவர் என்று சொல்லி வேப்பிலை அடிப்பதே வழக்கமாயிருந்தது. நிலைமை முற்றினால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் உயர்ந்த மதிலுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சென்னையில் அத்தகைய மருத்துவமனை 1794-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆனால் அக்காலத்து மருத்துவமனைகள் பூட்டி வைக்க அறிந்த அளவுக்குக் குணமாக்க அறிந்திருக்கவில்லை.

கிரீந்திரசேகர் முதலில் தாம் அறிந்த மனவசிய முறையால் இவர்களுக்குச் சிகிச்சை செய்தார். மயக்க நிலையில் இருப்பவரிடம், உனக்கு அச்சமில்லை என்று சொன்னால் அச்சம் சில நாள் விலகி நிற்கும். ஆனால் அச்சத்தின் வேர் உள்ளேயே இருக்கும். நோயின் முதற்காரணத்தை நாடச் சொன்னாரே வள்ளுவப் பெருந்தகை, அந்த முதற்காரணம் எங்கே இருக்கிறது?

அந்நாளில் ஐரோப்பாவின் வியன்னா நகரில் சிக்மண்ட் பிராய்டு என்னும் மருத்துவர் இதே கேள்விக்கு விடை கூறிவந்தார். நாம் விரும்பாத எண்ணங்களையும் தாங்க முடியாத நினைவுகளையும் மனத்தின் அடியில் தள்ளி மூடிவிடுகிறோம். மூடினாலும் அவை சாவதில்லை. கனவாகவும், வாய்தவறி வரும் சொல்லாகவும், நோயாகவும் அவை வெளிப்படுகின்றன. நோயாளியைச் சாய்ந்து படுக்கவைத்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லும்படி விட்டுப் பொறுமையாகக் கேட்டால், மூடிவைத்தது மெல்ல மெல்ல வெளியே வரும். இம்முறைக்கு உளப்பகுப்பாய்வு என்று பெயர். பிராய்டின் நூல்கள் ஜெர்மன் மொழியில் இருந்தன. ஆங்கிலத்தில் கிடைத்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றையும் சஞ்சிகைக் கட்டுரைகளையும் படித்து, தம் நோயாளிகளிடம் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாமே கற்றுக்கொண்டார் கிரீந்திரசேகர்.

மீண்டும் மாணவர்

அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி இனிமேல்தான் வருகிறது.

உளவியல் என்பது அப்போது உலகிலேயே இளைய விஞ்ஞானம். 1879-இல்தான் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் மனத்தை ஆராய ஒரு சோதனைச்சாலை நிறுவினார். 1916-ஆம் ஆண்டை ஒட்டிக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இந்தியாவிலேயே முதன்முதலாக உளவியலுக்கென ஒரு முதுநிலைத் துறையைத் திறந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதன் பொறுப்பை ஏற்றார்.

கிரீந்திரசேகர் போஸ் அத்துறையில் மாணவராகச் சேர்ந்தார். எண்ணிப் பாருங்கள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பஸ்தர். வாசலில் நோயாளிகள் காத்திருக்கும் அளவுக்குப் புகழ்பெற்ற டாக்டர். மன நோயாளிகளுக்குச் சிகிச்சையும் செய்து பழகியவர். இனி என்ன படிப்பு என்று அவர் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் ஏடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு வகுப்பறைப் பலகையில் போய் அமர்ந்தார். நினைவாற்றலை அளப்பது எப்படி, புலன்கள் நம்மை ஏமாற்றுவது எப்படி என்றெல்லாம் அரிச்சுவடியிலிருந்து கற்றார். 1917-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அத்துறையிலேயே விரிவுரையாளராகவும் அமர்ந்தார்.

அத்தோடு நின்றாரில்லை. அடக்கப்பட்ட எண்ணங்கள் மனத்தில் என்ன செய்கின்றன என்பதைப் பற்றி ஆய்வேடு எழுதி, 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உளவியலில் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் இதுவே. வெளிநாடு செல்லாமல், இந்திய மண்ணிலேயே, தம் நோயாளிகளிடமிருந்தே கற்று எழுதப்பட்ட ஆய்வு அது என்பது நமக்குப் பெருமையன்றோ?

வியன்னாவுக்கு ஒரு கடிதம்

தம் நூலை அவர் வியன்னாவில் இருந்த பிராய்டுக்கு அனுப்பினார். கடல் கடந்த தொலைதூர நாட்டில் தம் கருத்துகளை ஒருவர் இவ்வளவு ஆழ்ந்து கற்றிருக்கிறாரே என்று பிராய்டு வியந்து மகிழ்ந்து விடை எழுதினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதேயில்லை. கிரீந்திரசேகர் இந்தியாவை விட்டு வெளியே சென்றதில்லை.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பிராய்டின் புகைப்படத்தையும் பார்த்திராத நிலையில், அவர் இப்படித்தான் இருப்பார் என்று கற்பனை செய்து, ஜதீந்திர குமார் சென் என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து பிராய்டுக்கே அனுப்பிவைத்தார் கிரீந்திரசேகர்! 1931-இல் பிராய்டுக்கு 75 வயது நிறைந்தபோது, தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை ஒன்று இந்தியாவிலிருந்து பரிசாகச் சென்றது. பிராய்டு அதைத் தம் மேசைமீது வைத்துக்கொண்டார். யூதரான அவர் 1938-இல் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி இலண்டனில் அடைக்கலம் புகுந்தார். சிலையும் இலண்டன் சேர்ந்தது. அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சிசாலை. அச்சிலை அங்கே இருக்கிறது.

குருவை மதித்த சீடர் குரு சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வோர் ஆசையோடும் அதற்கு நேர் எதிரான ஆசையும் சேர்ந்தே பிறக்கிறது என்பது கிரீந்திரசேகரின் கொள்கை. அடிக்க விரும்பும் மனத்தின் அடியில் அடிபட விரும்பும் எண்ணமும் மறைந்திருக்கும். இரண்டும் மோதும்போது ஒன்று கீழே அழுத்தப்படுகிறது. ஆகவே நோயாளியை எதிராளியின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கும்படி அவர் பழக்கினார். தந்தையிடம் சினம் கொண்ட மகன், தானே தந்தையாக நின்று மகனைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஏற்றப்பலகையில் இருவர் மாறி மாறி ஏறி இறங்குவதுபோல, மனம் இங்கும் அங்குமாகச் சென்று முடிவில் சமநிலை அடையும் என்றார். பிராய்டு இதை முழுவதும் ஏற்கவில்லை. கடிதங்களில் இருவரும் மரியாதை குறையாமல் வாதிட்டார்கள்.

அக்காலத்தில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் சிலர், இந்தியரின் மனம் முதிர்ச்சியற்றது என்று எழுதிவந்தார்கள் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஆளுகின்றவர்கள் இப்படி எழுதிய நாளில், ஆளப்படும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் உலகறிந்த அறிஞரோடு சரிநிகராக அமர்ந்து வாதிட்டார் என்றால், அது சிறிய செயலா?

சங்கமும் பயிற்சியும்

1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் கிரீந்திரசேகரின் பார்சிபாகான் இல்லத்தில் தோன்றியது. முதல் உறுப்பினர் 15 பேர். கல்லூரி ஆசிரியர்களும் மருத்துவர்களும் அவர்களில் இருந்தார்கள். இராஞ்சி மனநல மருத்துவமனையின் தலைவராயிருந்த ஆங்கிலேயர் பெர்க்லி ஹில்லும் ஓர் உறுப்பினர். தம் இறுதிக்காலம் வரை அச்சங்கத்தின் தலைவராகக் கிரீந்திரசேகரே விளங்கினார். 1929-இல் பல்கலைக்கழக உளவியல் துறையின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

பிறர் மனத்தைக் கேட்கப் போகிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும்? 1920-இல் பெர்லின் நகரில் தொடங்கிய நிலையம் இதற்கு மூன்று படிகளை வகுத்தது. நூல்களையும் விரிவுரைகளையும் கற்பது ஒன்று. அனுபவம் மிக்க மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது மற்றொன்று. மூன்றாவதுதான் வியப்புக்குரியது. பயிற்சி பெறுபவர் தாமே முதலில் நோயாளியைப்போல் மற்றொருவர் முன் அமர்ந்து, தம் மனத்தை முழுவதும் திறந்து காட்ட வேண்டும். ஏன் தெரியுமா? கேட்பவர் மனத்திலும் அச்சமும் பொறாமையும் பழைய காயமும் உண்டு. அவற்றை அவர் அறியாவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்காமல் தம் காயத்தின் குரலையே கேட்டுக்கொண்டிருப்பார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரீந்திரசேகருக்கு அப்படி ஓர் ஆசான் கிட்டவில்லை. அவரைக் கேட்க இந்தியாவில் அன்று எவருமில்லை. அவர் தம் மனத்தைத் தாமே ஆராய்ந்துகொண்டார். இது ஒரு குறையே. ஆயினும் தமக்குக் கிடைக்காத ஆசானாகத் தம் மாணவர்களுக்கு அவர் விளங்கினார். வெள்ளை வேட்டியும் சட்டையுமாய் வங்காள உடையில் அவர் அமர்ந்திருக்க, வந்தவர் ஒரு சாய்வு நாற்காலியில் சாய்ந்து பேசத் தொடங்குவார். இப்படி அவரிடம் பயின்றவர்கள் பின்னர்ப் பல இடங்களில் உளவியலை வளர்த்தார்கள்.

மூன்று படுக்கைகள்

கற்றதைக் கல்லூரிச் சுவருக்குள் வைத்திருக்க அவர் விரும்பவில்லை. 1933-இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மன நோய்க்கென ஒரு புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பின்னாளில் அக்கல்லூரி ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது. இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அதுவரை மன நோய்க்குத் தனி மருத்துவமனை, தனி மதில், தனி வாசல். அவ்வாசலில் நுழைந்தவருக்கு ஊரில் பெயர் கெட்டது. இப்போதோ காய்ச்சலுக்கும் கண்வலிக்கும் வருவோர் நுழையும் அதே வாசலில் மனவலிக்கும் நுழையலாம் என்று ஆயிற்று. இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த முதல் மனநலப் பிரிவு அதுவே.

1938-இல் பல்கலைக்கழகத்தில் பயன்முறை உளவியலுக்கென ஒரு பிரிவு தோன்றியது. உளவியலைப் பள்ளி, தொழிற்சாலை, மருத்துவமனை ஆகியவற்றில் பயன்படுத்த மாணவர்களைப் பழக்குவதே அதன் நோக்கம். 1940-இல் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை கல்கத்தாவில் திறக்கப்பட்டது. இதற்கு இடம் கொடுத்து உதவியவர் யார் தெரியுமா? கதைகள் எழுதிச் சிரிக்க வைத்த அண்ணன் ராஜசேகர் போஸ்தான்! புத்தர் பிறந்த லும்பினியின் பெயரைத் தாங்கிய அம்மருத்துவமனை வெறும் மூன்று படுக்கைகளோடு தொடங்கியது. தம்பியின் கனவுக்கு அண்ணன் நிலம் தந்தார். கடுகு விதையிலிருந்து பெரிய மரம் வளர்வதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். அம்மூன்று படுக்கைகளும் அத்தகைய கடுகு விதையே.

எழுத்தும் மறைவும்

இவ்வளவு பணிகளுக்கு இடையிலும் அவர் தாய்மொழியில் எழுதுவதை விடவில்லை. கனவுகளைப் பற்றி வங்காளத்தில் ஒரு நூல் எழுதினார். பகவத் கீதைக்கு உளவியல் நோக்கில் உரை வரைந்தார். புராணங்களை ஆராய்ந்தார். சிவப்பு எறும்புகளுக்கும் கறுப்பு எறும்புகளுக்கும் நடக்கும் போரைப் பற்றிக் குழந்தைகளுக்காக ஒரு கதைப் புத்தகமும் எழுதினார்! பிராய்டு கடவுள் நம்பிக்கை அற்றவர். கிரீந்திரசேகரோ தம் நாட்டுச் சமய நூல்களில் ஆழ்ந்தவர். ஒருவரிடம் கலையைக் கற்றுக்கொள்ள அவருடைய அவநம்பிக்கையையும் ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

1947-இல், நாடு விடுதலை அடைந்த ஆண்டில், அவர் முயற்சியால் சங்கத்தின் சார்பில் சமீக்ஷா என்னும் உளவியல் இதழ் வெளிவரத் தொடங்கியது. 1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், 66-ஆம் வயதில் அப்பெருமகனார் மறைந்தார்.

அவர் திறந்த பாதை

அவர் மறைந்த மறு ஆண்டே, 1954-இல், பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப்பட்டது. 1955 முதல் அங்கே மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் முறையான பயிற்சி நடந்தது. 1974-இல் அது நிம்ஹான்ஸ் என்ற பெயரைப் பெற்றது. அப்பெங்களூர் நிலையத்தில் பயின்று வந்த டாக்டர் சாரதா மேனன் அம்மையார், 1961-இல் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளர் ஆனார். பதவி ஓய்வுக்குப் பிறகும் ஓயாமல், 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ப் என்னும் அமைப்பை நிறுவினார். 2021-இல் 98-ஆம் வயதில் மறைந்த அவரும் ஒரு பெண்மணிதான் என்பதைச் சிரித்த தோழிக்கு அன்புடன் நினைவூட்டுகிறேன்.

ஆயினும் பாதை முடிந்துவிடவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் நம் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மன நோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. எழுந்து ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். அன்பில்லாமல் விடவில்லை, வேறு வழி தெரியாமல் விட்டார்கள். மன நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துள்ளது. ஆனால் சட்டம் சங்கிலியைத்தான் கழற்றும். கழற்றிய பின் அருகில் அமர்ந்து கேட்க ஆள் வேண்டுமே!

திருத்தணி மலைப் படியேறி வேண்டிக்கொள்வோரையும், நம் ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி மாதாவிடம் கண்ணீர் வடிப்போரையும் நான் பார்த்து வளர்ந்தவள். அவ்வேண்டுதல் வீண் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். கால் எலும்பு முறிந்தால் செபமும் செய்கிறோம், மாவுக்கட்டும் போடுகிறோம். மனம் முறிந்தால் மட்டும் ஏன் ஒன்றோடு நின்றுவிட வேண்டும்?

பாட்டிக்கு விடை

தோழியரே, இக்கட்டுரையை எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு. என்னிடம் எல்லாரும் மனம் விட்டுப் பேசுகிறார்கள் என்று எனக்குச் சிறிது கர்வம் இருந்தது. ஒருமுறை தோழி ஒருத்தி மதிய உணவு வேளையில் தன் வீட்டுத் துயரத்தைச் சொல்லி அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். கேட்டு முடிப்பதற்குள் அறிவுரை சொன்னேன். அவளுக்கு உதவி செய்வதாக எண்ணி இன்னொருத்தியிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் அது வகுப்பு முழுவதும் பரவியிருந்தது. அவள் அதன்பின் என்னிடம் எதையும் சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தாள். ஆனால் அந்தப் பேச்சு திரும்பி வரவில்லை. எனக்கு நல்ல மனம் இருந்தது. பயிற்சிதான் இல்லை.

நம் ஊரில் தறியைப் பார்க்காதவர் இல்லை. தறி ஓடும்போது பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா உடனே தறியை நிறுத்திவிடுவார். அத்தனை இழைகளில் அறுந்த இழையின் நுனியைத் தேடி எடுத்து, முடிச்சுத் தெரியாமல் பிணைத்த பின்தான் மீண்டும் தறியை ஓட்டுவார். நான் சிறுமியாய் இருந்தபோது உதவி செய்கிறேன் என்று கைவிட்டு இன்னும் பத்து இழைகளைச் சிக்கலாக்கியது நினைவிருக்கிறது. அப்போதும் எனக்கு அப்பாமேல் அன்பு இருக்கத்தான் செய்தது!

ஆகவே பாட்டிக்கு என் விடை இதுதான். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உளவியலில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பும், அதன்பின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு. நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் உளவியலாளர் ஆக வேண்டுமானால், அதற்கும் மேல் மருத்துவமனையில் மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டுகளில் கற்பது பேசுவதற்கு மட்டுமன்று. குறுக்கே பேசாமல் இருக்க, கேட்டதைக் காக்க, தன் கண்ணீரையும் பிறர் கண்ணீரையும் பிரித்தறிய, தன்னால் இயலாதபோது தக்க மருத்துவரிடம் அனுப்பிவைக்கக் கற்க வேண்டும். கைராசியான டாக்டரே இதற்காக மீண்டும் மாணவரானார் என்றால், எனக்கு மட்டும் ஐந்து ஆண்டு அதிகமா?

எரிகோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவை நாம் அறிவோம். அவனுக்கு என்ன குறை என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நம் ஆண்டவருக்குத் தெரியாதா? ஆயினும் அவனை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டு, அவன் தன் வாயால் சொல்லும்வரை நின்றார். அதன் பின்னரே குணமளித்தார். முதலில் கேட்பது, பிறகே குணமாக்குவது என்னும் வரிசையை அங்கே காண்கிறோம்.

அன்புத் தோழியரே, உங்களுள் எவர் மனத்திலேனும் முள் தைத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். பெற்றோரிடமோ, ஆசிரியையிடமோ, நம் அருட்சகோதரியரிடமோ சொல்லுங்கள். வீட்டில் சொல்ல இயலாதவர்களுக்காக 2022-இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியும் உண்டு. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெற்றோரே, உங்கள் மகள் உளவியல் படிக்க விரும்பினால் சிரிக்காதீர்கள்.

இக்கட்டுரையை என் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். இடையில் ஒன்றும் பேசாமல் கேட்டாள். முடித்ததும் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்த அண்ணன் நிலம் கொடுத்தாரே, நல்ல அண்ணன் என்றாள். பிறகு, கல்லூரிக்கு எங்கே போக வேண்டியிருக்கும், பஸ் வசதி உண்டா என்று கேட்டாள்.

வாழ்க கிரீந்திரசேகர் போஸ் அவர்களின் புகழ்!